ஏற்கெனவே இருக்கிறது

பிணவறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் சித்தப்பா உட்கார மறுத்துவிட்டார். "இங்க உக்காந்தா நமக்கும் ஒரு எடம் போட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவருக்குத் துக்கம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். நிறுத்தச் சொன்னால் அழுதுவிடுவார். எழுபது வயது மனிதர் அழுவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு அன்றைக்கு இல்லை, அதனால் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பியை வாங்கிப்போக வந்திருந்தோம். வேலைக்குப் போகிற வழியில் அவன் வண்டி மேல் லாரி ஏறியிருந்தது. எனக்கு வேலை வேறு ஊரில். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் டேட்டாபேஸ்களைக் கட்டி மேய்ப்பது என் தொழில். செய்தி கிடைத்து நான் வந்து சேர்ந்து, போஸ்ட்மார்ட்டம் முடிந்து, போலீஸ் கையெழுத்து ஆகி, இன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். முகத்தைப் பார்க்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். காலையில் நான் கிளம்பும்போது அம்மா கட்டிலை விட்டு எழாமலே சொன்னாள்: "மொகம் இல்லாட்டிப் போகுது. எம்புள்ளைய வீட்டுக்குக் கொண்டாந்துடு." அவள் கேட்டது அது ஒன்றுதான். எனக்கும் அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

பெட்டிகளைத் திறந்து மூடுகிற ஊழியரை அங்கே எல்லோரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நிதானமான மனிதர். கையில் இருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து, ஒரு இழுப்பறையை இழுத்து, பிணத்தின் மணிக்கட்டில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையின் எண்ணை உரக்கப் படித்தார். சீட்டில் இருந்ததும் அதுவேதான். பட்டையில் பெயர் கிடையாது. ஒரே பெயரில் நாலு பேர் வந்து குழப்புகிறார்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் எண் மட்டும்தான் கட்டுவார்களாம். எண் என்றால் குழப்பம் வராதாம்.

முகம் முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. நான் துணியை விலக்கி வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே தம்பிக்கு இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு உண்டு, ஒரு இலை அளவுக்கு. அங்கே ஒன்றும் இல்லை. கை சுத்தமாக இருந்தது. இன்னொரு கையையும் பார்த்தேன்.

"இது என் தம்பி இல்ல" என்றேன்.

பெட்டிக்காரர் மறுபடியும் எண்ணைப் படித்துக் காட்டினார். சித்தப்பா என் தோளைத் தொட்டார். "அம்மாடி, உசுரு போனா ஒடம்பே வேற மாதிரி ஆயிடும். உங்கப்பா செத்தப்ப அவரையே எனக்கு அடையாளம் தெரியல."

"தழும்பு எங்க சித்தப்பா போகும்?"

சித்தப்பா கையை எடுத்துக்கொண்டார். பெட்டிக்காரரும் என்னைப் பைத்தியமாகப் பார்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "வாங்க, கம்ப்யூட்டர்ல பாத்துடலாம்" என்று முன்னால் நடந்தார்.

பதிவு அறை என்பது ஒரு சின்ன அறை. இரண்டு மேசை, ஒரு அலமாரி, மூலையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஏசி. கணினி முன்னால் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் இருந்தான். அவனுடைய பெயரை அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை. பேக்கப் என்றுதான் கூப்பிட்டார்கள். எது தொலைந்தாலும் அவனைத்தான் கேட்பார்களாம். "ஊருக்கெல்லாம் அவன் பேக்கப்பு, அவன் லீவு போட்டா அவனுக்கு ஆள் இல்ல" என்றார் பெட்டிக்காரர். பேக்கப் எண்ணைத் தட்டித் தேடினான். திரையில் இரண்டு வரி வந்தது.

முதல் வரியில் என் தம்பி. இரண்டாவது வரியில் வேறு ஒரு பெயர், வேறு ஒரு விலாசம், கிட்டத்தட்ட அதே வயது. இரண்டுக்கும் ஒரே எண். இரண்டாவது வரியின் கடைசியில் "ஒப்படைக்கப்பட்டது" என்று இருந்தது. தேதி முந்தாநாள்.

அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, தொழில். ஒரே எண் இரண்டு வரியில் எப்படி உட்கார முடியும் என்பதுதான் மனசில் ஓடியது. தம்பி எங்கே என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. இதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"அந்த நம்பருக்கு யூனிக்னு ஒரு கட்டுப்பாடு வெக்கலையா?" என்று கேட்டேன்.

பேக்கப் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க இந்த லைன்லயா மேடம்?"

"ஆமா. வெச்சிருக்கீங்களா இல்லையா?"

"இருக்கு மேடம். ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு. போன வாரம் சர்வர் படுத்துடுச்சு. பேக்கப்ல இருந்து ரெஸ்டோர் பண்ணேன். அப்பகூட செக் பண்ணேன், இருந்துச்சு."

"எப்படி செக் பண்ணீங்க?"

"ரெஸ்டோர் ஓடி முடிக்கறப்ப ஒரு எர்ரர் வந்துச்சு. அந்தக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்குன்னு. சரி, இருக்குன்னா நல்லதுதானே, எதுக்கு மறுபடி..."

சொல்லி முடிக்கும் முன்பே அவனுக்கே உறைத்துவிட்டது. வாய் திறந்தபடி நின்றது.

"எந்த டேபிள்ல இருக்கு?" என்றேன். "தேடிப் பாருங்க. எனக்குக் காட்டுங்க."

அவன் தட்டினான். இரண்டு முறை தப்பாகத் தட்டினான். பிறகு காட்டினான்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. பதிவுகள் வரி வரியாக இருக்கிற இடம் டேபிள். அதில் ஒரு எண் ஒருவருக்குத்தான் என்று காவல் நிற்பது கட்டுப்பாடு. அந்தக் காவலுக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரில் டேட்டாபேஸ் முழுவதற்கும் ஒன்றுதான் இருக்கலாம். சர்வர் படுத்த அன்று பேக்கப் என்ன செய்தான் என்றால், பாதி கெட்டுப்போன டேபிளை அழிக்க மனம் வராமல், அதன் பெயரோடு "பழைய" என்று ஒட்டி ஓரமாக வைத்தான். முந்தின இரவு எடுத்த நகலில் இருந்து புது டேபிளைக் கொண்டுவந்தான். டேபிளின் பெயர் மாறினால் அதன் காவலின் பெயரும் கூடவே மாறும் என்று அவன் நினைத்துக்கொண்டான். மாறாது. காவல்காரன் பழைய பெயரோடு பழைய டேபிளிலேயே நின்றுகொண்டான். புது டேபிளுக்கு அதே பெயரில் காவல் போடப் போனபோது, அந்தப் பெயரில் ஒருவன் ஏற்கெனவே இருக்கிறான் என்று சர்வர் சொன்னது. உண்மையைத்தான் சொன்னது. யாரும் எழுதாத, யாரும் படிக்காத டேபிளுக்கு முன்னால் அவன் காவல் நின்றான். புதுசு திறந்துகிடந்தது.

மற்றது எனக்குக் கேட்காமலே விளங்கியது. இரண்டாவது வரியில் இருந்த பையனை அன்று காலையில் கொண்டுவந்திருக்கிறார்கள், எண் கட்டியிருக்கிறார்கள். பிறகு சர்வர் படுத்தது. நகல் முந்தின இரவுக்கானது, அதனால் காலையில் வந்தவன் அதில் இல்லை. சாயங்காலம் தம்பி வந்தபோது சர்வர் அடுத்த எண் என்று அதே எண்ணை நீட்டியது. மறுநாள், விட்டுப்போன பதிவுகளைக் காகிதத்தைப் பார்த்து உள்ளே ஏற்றியிருக்கிறார்கள். காவல் இருந்திருந்தால் அங்கேயே முகத்தில் அடித்த மாதிரி "இந்த எண்ணுக்கு ஆள் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பியிருக்கும். பேசாமல் வாங்கிக்கொண்டது. முந்தாநாள் அந்தப் பையனின் வீட்டார் வந்தார்கள், பெட்டிக்காரர் எண்ணைத் தேடினார், முதலில் கைக்கு வந்த பெட்டியில் இருந்தவனைக் கொடுத்து அனுப்பினார்.

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை, படித்தவள் பேசுகிற பேச்சாக இருக்கவில்லை. சித்தப்பா கதவைச் சாத்தினார். பேக்கப் எழுந்து நின்று கேட்டுக்கொண்டான்.

"வரி எண்ணிக்கை நகலோட சரியா இருந்துச்சு மேடம்" என்றான் கடைசியில். "பழச அழிச்சிருந்தா கட்டுப்பாடு தன்னால வந்திருக்கும். அழிக்கத்தான் பயந்தேன். அன்னிக்கு காலையில வந்தவங்க பதிவு அதுலதான் கெடந்துச்சு, ஏதாவது மீட்கலாமேன்னு."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அவன் அலட்சியக்காரனாக இருந்திருந்தால் என் தம்பி பெட்டியில் பத்திரமாக இருந்திருப்பான். கையில் உள்ளதைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிட்டுப் புதுசைப் போடுகிற எத்தனையோ தடியன்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவன் ஜாக்கிரதைக்காரன். அதில்தான் வந்தது வினை.

"எங்க தம்பி இப்ப எங்க?" என்றார் சித்தப்பா. அதுவரை அவருக்கு விளங்கியிருக்கவில்லை. யாரும் பதில் சொல்லாததைப் பார்த்துத்தான் விளங்கியது. அந்தப் பெஞ்சில் உட்கார மாட்டேன் என்றவர், பதிவு அறையின் தரையில் அப்படியே குந்தினார்.

கண்காணிப்பாளர் மாடியில் இருந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, டாக்டர், குரல் பஞ்சு மாதிரி. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேக்கப்பைச் சுவரோரம் நிற்கவைத்தார். தொலைபேசியில் யாரிடமோ மெதுவாக இரண்டு நிமிடம் பேசினார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அந்த வீட்டுல முந்தாநாளே மின்மயானத்துக்குக் கொண்டுபோயிட்டாங்கம்மா. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

தம்பியை எரித்துவிட்டார்கள். யாரோ ஒருவன் பெயரைச் சொல்லி, யாரோ ஒரு அம்மா அழுது, எரித்துவிட்டார்கள். என் அம்மா வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் கண்காணிப்பாளர். "கீழ பெட்டியில இருக்கற உடம்ப நீங்க வாங்கிக்குங்க. மூடியே கொடுப்போம், திறக்க வேண்டாம்னு எழுதியும் தர்றோம். உங்க அம்மா மனசு ஆறும். அந்த வீட்டுலயும் புள்ளைய அனுப்பிட்டோம்னு இருக்காங்க, அவங்களும் அப்படியே இருக்கட்டும். இப்ப போயி இதக் கிளறினா ரெண்டு வீட்டுக்கும் ரெண்டாவது சாவு. யாருக்கு என்ன லாபம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சுதான். ஆனால் அதை அவ்வளவு இதமாகச் சொன்னார் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார். "அம்மாடி, அந்தம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அண்ணிக்கு இப்ப வேண்டியது..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

எனக்கும் ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கி, அம்மாவை அதன் மேல் விழுந்து அழவிட்டால் அவள் கேட்டது கிடைத்துவிடும். உள்ளே யார் என்பது எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டும் தெரியும். சித்தப்பா அதை ஒரு வருஷத்துக்குள் யாரிடமாவது உளறுவார். அது வேறு விஷயம்.

"கம்ப்யூட்டர்லயும் சரி பண்ணிடலாம் இல்லையா?" என்று கண்காணிப்பாளர் பேக்கப்பைக் கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தபடி சொன்னான். "ஒரே நம்பர்ல ரெண்டு வரி இருக்கற வரைக்கும் கட்டுப்பாட்டத் திருப்பிப் போட முடியாது மேடம். சர்வர் ஏத்துக்காது. ஒரு வரிக்கு வேற நம்பர் கொடுத்து, ஒப்படைச்சாச்சுன்னு போட்டா ஏத்துக்கும். யாரை யாருக்குக் கொடுத்தோம்னு சர்வருக்குத் தெரியாது. எண்ணிக்கை சரியா இருந்தாப் போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் வேண்டுமென்றே சொன்னானா என்று எனக்கு இன்னும் தெரியாது. சொன்னவுடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"எங்கம்மா ஒரு உடம்பக் கேக்கல டாக்டர்" என்றேன். "அவ புள்ளையக் கேட்டா. அந்த வீட்டு விலாசத்தக் குடுங்க."

கொடுக்க முடியாது என்றார். விதிமுறை, ரகசியம், மேலிடத்து அனுமதி, எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம். குரல் மட்டும் மாறவே இல்லை. நாங்கள் எழுந்து கீழே வந்தோம். பேக்கப் பின்னாலேயே வந்து பதிவு அறைக்குள் போனான், திரையில் இன்னும் அந்த இரண்டு வரி இருந்தது. திரையை என் பக்கம் திருப்பி வைத்தான். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். நான் விலாசத்தைப் படித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து அதிக தூரம் இல்லை. சித்தப்பா வண்டியை ஓட்டினார். நெருக்கமான வீடுகள் உள்ள தெரு. விலாசத்தில் இருந்த வீட்டின் முன்பக்கம் சைக்கிள் பழுதுபார்க்கிற கடையாக இருந்தது. கதவு பாதி இறக்கியிருந்தது. உள்ளே ஒரு மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல், சக்கரம் ஒன்றைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். நின்றதும் மறுபடி சுற்றினார். அவரே கடைக்காரர், அவரே இறந்தவனின் அப்பா.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் வழியில் யோசித்து வைத்தது எதுவும் வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறோம், ஆள் மாறிப்போய்விட்டது, நீங்கள் கொண்டுபோனது என் தம்பியை என்று சொல்லிவிட்டேன். அவர் சக்கரத்தை நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என் பையன்?"

"அங்கதான் இருக்காருங்க. பெட்டியில."

அவர் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில். பிறகு கதவுக்கு அப்பால் வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவ அன்னிக்கே சொன்னாம்மா. மொகம் போயிடுச்சுன்னு கட்டித்தான் குடுத்தாங்க. காலப் பாத்துட்டு, இது எம்புள்ள கால் இல்லன்னா. மயானத்துல, எல்லார் முன்னாடியும். கையில கட்டின நம்பர நான் அவகிட்டக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்காரங்க நம்பர் தப்பாப் போகுமாடின்னு அதட்டினேன். அவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு தெருவே பேசுது. நானும் அப்படித்தான் நெனச்சேன். அஸ்திய வீட்டுக்குள்ள கொண்டுவர விடல. எவன் புள்ளையோ, வெளிய வைன்னுட்டா. நாளைக்குக் கரைக்கப் போறதா இருந்தேன்."

அவர் எழுந்து, டயர்கள் அடுக்கியிருந்த தட்டின் மேலிருந்து ஒரு மண்கலயத்தை எடுத்தார். வெள்ளைத் துணியால் வாய் கட்டியிருந்தது. என்னிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன். கலயம் இவ்வளவு லேசாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தம்பி ஆறடிக்குப் பக்கம், தூக்கி விளையாடிய வயசிலேயே என் இடுப்பை ஒடித்தவன். அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக அழுதேன். சித்தப்பா வெளியே போய் நின்றுகொண்டார்.

என் அழுகைச் சத்தம் கேட்டுத்தான் அந்த அம்மாள் வந்தார். ஒல்லியான பெண்மணி, தலை வாராமல் இருந்தது. என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த கலயத்தைப் பார்த்தார், கணவரின் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"உன் தம்பியாம்மா?" என்றார்.

"ஆமாங்கம்மா."

"நான் சொன்னேன். இந்த மனுசன்கிட்ட தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்." கிட்டே வந்து என் கன்னத்தைத் துடைத்தார். "அழாத கண்ணு. பத்திரமா எடுத்துட்டுப் போ. நாங்க குறை ஒண்ணும் வெக்கல, எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சோம். பெத்தவகிட்டச் சொல்லு." பிறகு கணவரிடம் திரும்பினார். "இப்பவாவது நம்புறீங்களா? அவன் எங்கயோ இருக்கான். போன் தொலைஞ்சிருக்கும். போலீஸ்ல போயி எம்புள்ளையத் தேடச் சொல்லுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல அசைத்தார். சொல்லாதே என்கிறார். அவர் மனைவி முந்தாநாளில் இருந்து இந்த ஒரு நம்பிக்கையில்தான் நடமாடிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கும் தெரிந்தது. நான் பேசாமல் கலயத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனால் நான் மாடியில் அந்தப் பஞ்சுக் குரலுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தவள். எனக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அம்மா, உங்க புள்ளையும் இறந்துட்டாரும்மா" என்றேன். "ஆஸ்பத்திரியில இருக்காரு. காலையில என்கிட்டக் காட்டினது அவரத்தான்."

அவர் சிரிப்பு உடனே போய்விடவில்லை. அது இருக்கும்போதே கேட்டார். "மொகம் பாத்தியா?"

"மொகம் கட்டியிருக்கும்மா."

"அப்ப எம்புள்ளைன்னு எப்படித் தெரியும்?"

"நம்பர்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன்.

"நம்பர வெச்சுத்தான கண்ணு உன் தம்பிய எம்புள்ளைன்னாங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். இருபது வருஷமாக எண்களோடு குடித்தனம் நடத்துகிறேன். அங்கே கிடப்பவன் என் தம்பி இல்லை என்பதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் இவர் மகன் என்பதற்கு என் கையில் இருந்ததும் அந்த எண்தான்.

"கால் பாத்தியா?"

"இல்லம்மா."

"அப்ப உனக்குத் தெரியாது." அவர் வாசல் பக்கம் போய்ச் செருப்பைத் தேடினார். கடைக்காரர், நீ வேண்டாம், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். "நீங்க பாத்துத்தான் அன்னிக்குக் கையெழுத்துப் போட்டீங்க" என்றார் அந்த அம்மாள். "நான் பாத்துக்கறேன்."

நாலு பேரும் வண்டியில் ஏறினோம். கடைக்காரர் முன்னால் சித்தப்பா பக்கத்தில். அந்த அம்மாள் என்னோடு பின்னால். கலயம் என் மடியில் இருந்தது. அம்மாவிடம் இதை எப்படிக் கொடுப்பது, என்ன சொல்வது என்று யோசிக்கப் பார்த்தேன், யோசனை ஓடவில்லை. இதைத்தான் கொண்டுவர முடிந்தது என்று சொல்ல வேண்டும். அவள் என்னைத் திட்டுவாள். திட்டினால் நல்லது.

தெருமுனை திரும்பியதுமே அந்த அம்மாள் முன்னால் குனிந்து சித்தப்பாவிடம் சொன்னார். "மெதுவாப் போங்க அண்ணே. அவசரம் ஒண்ணும் இல்ல."

சித்தப்பா மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தார். இன்னும் குறைத்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்தபோது, "இருங்க அண்ணே, அவங்கெல்லாம் போகட்டும்" என்றார். சித்தப்பா வண்டியை ஓரம் கட்டினார். எல்லோரும் எங்களைத் திட்டிக்கொண்டே கடந்து போனார்கள். வாய்க்கு வாய் கொடுக்காமல் இருந்தே பழக்கமில்லாத என் சித்தப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அடுத்த பச்சையும் போனது. அதற்கடுத்த பச்சையில் அந்த அம்மாளே, "சரி, போங்க" என்றார்.

பிணவறையில் பெட்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கேள்வி கேட்கவில்லை. இழுப்பறையை இழுத்தார். அந்த அம்மாள் முகத்துப் பக்கம் போகவில்லை, மறுமுனைக்குப் போய் நின்றுகொண்டு, "இதத் தொறங்க" என்றார். பெட்டிக்காரர் துணியைக் கணுக்கால் வரைக்கும் விலக்கினார்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார். கையால் தொடவில்லை. கடைக்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மனைவியின் முதுகையே பார்த்தபடி நின்றார். நான் கலயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று எனக்கு இருந்தது. இன்னொரு தப்பு நடந்திருக்கட்டும், மூன்றாவதாக ஒருவன் மாறியிருக்கட்டும், இவர் மகன் எங்காவது போனைத் தொலைத்துவிட்டுத் திரியட்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டேட்டாபேஸ் தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் துணியைத் தானே இழுத்துக் கால்களை மூடினார். ஓரங்களைச் செருகிவிட்டார், குளிர்கிற பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. பிறகு கணவரிடம் திரும்பினார்.

"நீங்க சொன்னதுதாங்க சரி" என்றார். "போயிட்டான்."